மேபலின் பின்கதவு

கார்ல்பெக் என்ற மலைக்கிராமத்துக்கு வந்துகொண்டிருந்த எழுபத்தோராம் இலக்க பஸ்ஸை நிறுத்திய வருடத்தில் அந்த ஊர்ச்சனங்கள் தாங்களே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார்கள், அந்த பஸ் எத்தனை பேர் ஏறினாலும் நிரம்பவில்லை, நிரம்பாததைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவுமில்லை, ஏனென்றால் பேசுவதற்கு அதைவிட முக்கியமான விஷயங்கள் அவர்களுக்கு இருந்தன: கதவடியில் குளிர்காற்று அடிக்கிறது, ஜன்னலை யார் திறந்துவிட்டது, செம்மறியாட்டை ஏற்றலாமா கூடாதா.

இங்கிலாந்தின் வடக்கில், மரமே இல்லாத புல்மலைகளுக்கு நடுவில், கறுத்த கல்வீடுகளும் ஒரு தேவாலயமும் ஒரு தபால்கடையுமாக இருக்கிற ஊர் கார்ல்பெக். ஊரைவிட்டு இறங்க ஒரே ஒரு தெரு, தெருவில் ஒரே ஒரு குறுகிய கற்பாலம், அதைத் தாண்டி வளைந்து வளைந்து போனால் ஸ்டேன்ஃபோல்ட் டவுன். ஆஸ்பத்திரி, சந்தை, பல் வைத்தியர், சப்பாத்துக் கடை எல்லாம் அங்கேதான். அந்தத் தெருவில் எழுபத்தோராம் இலக்க பஸ்ஸைப் பல வருடங்களாக ஓட்டியவள் யோகமலர், சாவகச்சேரிக்காரி, ஐம்பதைத் தாண்டியவள், குட்டையானவள், உட்காரும் இருக்கையில் ஒரு தலையணை போட்டுத்தான் ஓட்டுவாள். அவளுடைய கணவர் சபேசன்தான் தபால்கடைக்காரர். அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஸ்டேன்ஃபோல்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும், மனைவி ஓட்டும் பஸ்ஸில் போய் மனைவி ஓட்டும் பஸ்ஸில் திரும்பி வருவார். பாதிரியாரிலிருந்து பால்காரர் வரை எல்லோரையும் 'லவ்' என்றே கூப்பிடும் அந்த ஊரில் சபேசனும் லவ், மலரும் லவ்.

பஸ்ஸை நிறுத்தப்போகிறோம் என்று சொல்ல மாவட்ட சபையிலிருந்து ஃபென்டன் என்ற அதிகாரி வந்தார். தேவாலய மண்டபத்தில் ஊர் கூடியிருந்தது. மெலிந்த, நல்ல உடுப்புப் போட்ட, யாரையும் நோகடிக்க விரும்பாத மனிதர் அவர், அதனால் எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னார். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பஸ்ஸை நிரப்ப ஆளில்லை என்றார். ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று பாதிரியார் கேட்க, தொடர்ந்து சிகிச்சை வேண்டியவர்கள் டவுனில் குடியேறலாம், சபை உதவி செய்யும் என்று சபேசனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சபேசன் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஐயா, நான் ஒருமுறை யுத்தத்தில் ஒரு ஊரே எழும்பி நடந்தபோது அதோடு சேர்ந்து நடந்தவன். மழையில், வாய்க்கால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, அம்மாவைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு. அன்றைக்கும் கொஞ்ச நாளைக்குத்தான் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அந்த ஒருமுறை போதும். இனி நான் எழும்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஃபென்டன் அதை அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். பஸ் நின்றது.

கம்பெனி மலருக்குத் தூரத்து நகரம் ஒன்றில் வேறு வேலை தருவதாகச் சொன்னது. அவள் தன்னுடைய சீருடை ஜாக்கெட்டை மடித்து மேலாளரின் மேசையில் வைத்துவிட்டு, தலையணையை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நேரே ராய் அட்கின்ஷாவின் கொட்டகைக்குப் போனாள்.

ராய் முன்னாள் இறைச்சிக்கடைக்காரர். பழைய பஸ் பித்துப் பிடித்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய சங்கத்துக்கு அவர்தான் எல்லாம். மூடிக்கிடந்த கம்பளி ஆலையின் கொட்டகையில் அவர்களுடைய மேபல் நின்றாள்: இரட்டைத்தட்டு, கருஞ்சிவப்பும் பாலாடை நிறமும், அறுபதுகளில் செய்தது, பயணிகள் ஏற முன்பக்கத்தில் ஒரு மடிப்புக் கதவு, பின்சுவரில் ஓர் அவசரக் கதவு, சாரதிக்கு மட்டும் வலது முன்மூலையில் தனியாக அடைத்த ஒரு கூண்டு. சாரதிக்கும் பயணிகளுக்கும் இடையில் கையளவு கண்ணாடி ஜன்னல் ஒன்றுதான் தொடர்பு. கோடையில் பழைய பஸ்களின் கண்காட்சிகளுக்கு மேபலைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் துடைப்பார்கள்.

"ராய், மேபல் எனக்கு வேணும். நாளைக் காலை பஸ்ஸாக ஓட்டப்போறேன்."

ராய் கையில் துணியோடு நின்றார். "மலர் லவ், வெளியே மழை பெய்யுது."

"இங்கே என்றைக்குப் பெய்யல்ல?"

"சேற்றுச் சப்பாத்தோட ஏறுவாங்க. இருக்கைத் துணியெல்லாம் பாழாகும்."

"ஏறுவாங்கதான். ஏறுறதுக்குத்தான் இவளைச் செய்தாங்க. நீங்க பார்த்துக்கொண்டு நிற்கிறதுக்கு இல்ல."

ராய் நெடுநேரம் மேபலின் விளக்கையே துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார், பிறகு அலமாரியைத் திறந்து கண்காட்சிகளுக்குப் போடும் கண்டக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "காசு வாங்கக்கூடாது. பழைய வண்டியில காசு வாங்கினா சட்டப்படி குற்றம்" என்றார். "யார் கேட்டா?" என்றாள் மலர்.

மறுநாள் மழை கொட்டியது. ஊர்முனையில் மேபல் வந்து நின்றபோது சபேசன் முதல் ஆளாக ஏறினார், பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள், சந்தைக்காரர்கள், வேலைக்குப் போகிறவர்கள், ஒன்றும் தேவையில்லாமல் ஃபென்டனுக்குக் காட்டுவதற்காகவே ஏறியவர்கள், பிறகு வழியிலிருந்த பண்ணைகள், பண்ணைகளுக்குக் கீழேயிருந்த குக்கிராமங்கள், எல்லா இடத்திலும் மேபல் நின்றாள், எல்லா இடத்திலும் ஆட்கள் ஏறினார்கள், ஒவ்வொரு தடவையும் ராய் சின்னக் கண்ணாடி ஜன்னலைத் தட்டி, "இடமிருக்கு, எடு" என்றார். ஸ்டேன்ஃபோல்டில் கதவைத் திறந்ததும் ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள், தேநீர்க்கடையில் இருந்தவர்கள் ஒரு கோப்பை குடித்து முடித்து அடுத்ததைச் சொல்லி அதையும் குடித்தார்கள், அப்போதும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாருக்கும் சீட் கிடைச்சதா?" என்று மலர் கேட்டாள்.

"எல்லாருக்கும். பின்னால இன்னும் வரிசை போகுது. நான் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன், முடியல்ல, திரும்பி வந்துட்டேன்."

மலர் யோசித்தாள். "ஸ்டியரிங் கனக்கல்ல. பிரேக்கும் பிடிக்குது."

"அப்படின்னா சரி" என்றார் ராய்.

அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்தால் மேபல் எப்போதும் இருந்த நீளம்தான், கற்பாலத்தின் வளைவில் முன்பு திரும்பியது போலத்தான் திரும்பினாள், உள்ளே மட்டும் வரிசைக்குப் பின் வரிசையாக இருக்கைகள் போய்க்கொண்டே இருந்தன. ஊர் அதற்குப் பழகியது. தலைமுடி வெட்டும் பெரில், டவுனிலிருந்த தன் கடையை மூடிவிட்டு, நடுவரிசைகளில் ஓரிடத்தில் கண்ணாடியை மாட்டித் தொழிலை அங்கேயே நடத்தினாள், தெரு வளையும் இடங்களில் கத்தரியைத் தூக்கிப்பிடித்துக்கொள்வாள். தேவாலயப் பாடகர் குழு மேல்தட்டில் ஒத்திகை பார்த்தது, சுருதி தப்புகிறவர்களை இன்னும் பின்னால் அனுப்பியது. செம்மறியாட்டை ஏற்றலாமா என்ற வழக்கு வாரக்கணக்கில் நடந்து, ஏற்றலாம், ஆனால் பெரிலுக்குப் பின்னால்தான் என்று தீர்ந்தது. முன்வரிசைக்காரர்கள் பின்வரிசைக்காரர்களைச் சோம்பேறிகள் என்றார்கள், பின்வரிசைக்காரர்கள் முன்வரிசைக்காரர்களைக் காற்றுக்குப் பயந்தவர்கள் என்றார்கள். செய்தி பரவி நாடெங்குமிருந்து பழைய பஸ் பித்தர்கள் கேமராவோடும் அளவுநாடாவோடும் வந்தார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர் நாடாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய், நாடா தீர்ந்து, வெறுங்கையோடு திரும்பி வந்து, இருக்கைத் துணியின் பூவேலைப்பாடு அந்த வருடத்து அசல் அல்ல, இரண்டு வருடம் பிந்தியது என்று ராயோடு பெரிய சண்டை பிடித்துவிட்டுப் போனார்கள். நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ராய்க்கு அந்தத் துணி விஷயம் பல நாள் மனதை அரித்தது.

கடலை முதலில் கண்டது ஆடு மேய்க்கிறவர்கள். ஆடுகளைத் தேடிப் பின்னால் போனவர்கள், ஒரு கட்டத்துக்கு அப்பால் ஜன்னல்களில் புல்மலைகள் இல்லை, சாம்பல்நிறக் கடல் இருக்கிறது என்று வந்து சொன்னார்கள். அதற்கும் பின்னால் இருந்த ஆட்கள் வேறு மாதிரி ஆங்கிலம் பேசினார்கள். கேட்டுப் பார்த்ததில் அவர்கள் அயர்லாந்தின் மேற்குக் கரையில் பாலிகரான் என்ற ஊர்க்காரர்கள், அவர்களுடைய ஊர் பஸ்ஸும் அதே வருடத்தில் நிறுத்தப்பட்டது, ஆனாலும் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த நிறுத்தத்தில் பழக்கத்தால் மழையில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் கருஞ்சிவப்புக் கதவு ஒன்று வந்து திறந்தது, ஏறிக்கொண்டார்கள், அவ்வளவுதான். மேபலின் முன்பக்கம் பள்ளத்தாக்கில் இறங்கும்போது பின்பக்கம் அவர்களுடைய கரையோரத் தெருவில் போனது, முன்னால் நின்றால் பின்னாலும் நின்றது. அவர்கள் தங்களுடைய பஸ்ஸில் முன்னால் யாரோ வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து சோடா ரொட்டி வரிசை வரிசையாகக் கைமாறி முன்னால் வந்தது, முன்னாலிருந்து பன்றியிறைச்சி வைத்துச் சுட்ட பலகாரம் பின்னால் போனது, பெரில் அங்கிருந்த கிழவர்களுக்கும் முடி வெட்டினாள். இரவுவேலை முடிந்து வீடு போகும் ஓர்லா என்ற நர்ஸ், சபேசனின் கையில் ஊசித் தழும்புகளைப் பார்த்துவிட்டு, எந்த மெஷின், எத்தனை மணிநேரம், உப்பைக் குறைத்தாரா என்று தினமும் வந்து விசாரித்தாள்.

மலர் மட்டும் எதையும் பார்க்கவில்லை. அவளுக்குக் கூண்டு, கண்ணாடி, தெரு. வீட்டுக்கு வந்தால் சபேசன் சொல்லுவார்.

"கடல் இண்டைக்கு நல்லாக் கொதிச்சுது, மலர்."

"குளிருக்கை பின்னாலை போய் நிக்காதையுங்கோ எண்டு எத்தினைதரம் சொன்னனான்?"

"நீரும் ஒருநாள் வந்து பாருமன்."

"அப்ப ஆர் ஓட்டுறது?"

இப்படியிருக்க, காசில்லாமல் ஒரு கிழட்டு பஸ் ஊரையே ஏற்றிப்போகிறது என்ற விஷயம் மாவட்ட சபையை எரிச்சல்படுத்தியது. ஆளில்லை என்று நிறுத்திய தெருவில் அத்தனை ஆட்கள் போய்வந்தால் நிறுத்தியவர்களுக்கு அழகா? பரிசோதகர் லாங்ரிட்ஜை அனுப்பினார்கள். லாங்ரிட்ஜ் நேர்மையான மனிதர், பெரிய மீசை, கையில் தலை எண்ணும் பொத்தான் கருவி. அனுமதிக்கு மேல் ஆள் இருந்தால் எண்ணிக்கையோடு எழுத வேண்டும், அவசரக் கதவு திறக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய வேலை. காலையில் கார்ல்பெக்கில் ஏறி எண்ணத் தொடங்கினார். மேபல் ஸ்டேன்ஃபோல்ட் போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள், அவர் வரவில்லை. மாலையில் முன்கதவால் இறங்கியபோது முடி திருத்தமாக வெட்டப்பட்டிருந்தது, மீசையில் ரொட்டித்தூள், சப்பாத்தில் கடல்மணல்.

"அவசரக் கதவு திறக்குதா?" என்று மலர் கேட்டாள்.

"திறக்குது" என்றார் லாங்ரிட்ஜ். "நல்லாத் திறக்குது. வெளியே வரிசையில நின்றவங்க என்னைத் தள்ளிக்கொண்டு ஏறினாங்க." சற்று நின்று, "எண்ணி முடியல்ல, மேடம். பொய் எண்ணிக்கை நான் எழுத மாட்டேன். முடியல்ல என்றுதான் எழுதுவேன்" என்றார்.

முடியல்ல என்று எழுதிய அறிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சபைக்குத் தெரியவில்லை. ஃபென்டன் மறுபடியும் தேவாலய மண்டபத்துக்கு வந்தார், இம்முறை சிரித்த முகத்தோடு. எழுபத்தோராம் இலக்க பஸ் திரும்ப வரும், தினமும் வரும், புது வண்டி, உள்ளே வெப்பமூட்டி, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், யோகமலருக்கே வேலை. பதிலுக்கு மேபலை ஓட்டக்கூடாது, கொட்டகையில் நிறுத்திப் பூட்டிவிட வேண்டும்.

மண்டபம் மூச்சுவிட்டது. இதைத்தானே கேட்டோம் என்று பெரில் எழுந்து சொன்னாள், அவளுடைய குரலில் வெட்கமில்லை, அவளுடைய தாய்க்கு இடுப்பு முறிந்திருந்தது. "குளிர்ல அம்மாவை அந்தப் பழைய படியில ஏத்த நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். நாம வென்றுட்டோம், லவ். வாங்கிக்கொள்ளுவோம்." பலர் தலையாட்டினார்கள்.

"பின்னால இருக்கிறவங்க?" என்று ராய் கேட்டார்.

"அவர்கள் நம்முடைய பொறுப்பில் இல்லை" என்றார் ஃபென்டன். மெதுவாகத்தான் சொன்னார். "நம்முடைய நாட்டிலேயே இல்லை."

எல்லோரும் மலரைப் பார்த்தார்கள். மலர் சபேசனைப் பார்த்தாள். புது வண்டியில் வெப்பமூட்டி இருக்கும். மேபலின் பற்சக்கரமோ அச்சோ ஒரு நாள் உடைந்தால் அந்த நாள் இந்த மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, இரண்டு நாள் போகாவிட்டால் காலில் நீர் கோக்கும், அதற்கும் மேல் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சரி என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். உண்மையாகவே வாயெடுத்தாள்.

சபேசன் தமிழில் கேட்டார். "மலர், பின்னாலை இருக்கிற சனத்துக்கு ஆர் போய்ச் சொல்லுறது?"

"அவர் என்ன சொன்னார், லவ்?" என்றாள் பெரில்.

"இனி இந்த பஸ் வராது என்று பின்னால் இருப்பவர்களுக்கு யார் போய்ச் சொல்லுவது என்று கேட்கிறார்" என்றாள் மலர்.

பெரில் தன் கைகளைப் பார்த்தாள். பின்வரிசைகளில் ஒரு கிழவர் அவளிடம் முடி வெட்டிக்கொள்ள வரும்போதெல்லாம் தன் நாயையும் கூட்டிவந்து அதன் நெற்றி முடியையும் வெட்டச் சொல்லுவார், அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவள் உட்கார்ந்தாள். "என்னால் முடியாது" என்றாள்.

மலர் ஃபென்டனிடம் திரும்பினாள். "ஒரு பஸ்ஸை நிரப்ப ஆளில்லை என்று எங்களிடம் வந்து சொன்னீர்களே, அதே வார்த்தையை அவர்களிடம் போய் நாங்கள் சொல்ல வேண்டுமா? உங்கள் புது வண்டி வரட்டும், வந்தால் ஏறுவோம். மேபலை நிறுத்த மாட்டேன்."

"அப்படியானால் புது வண்டி வராது. மேபலை இழுத்துப்போக ஆள் வரும்."

"வரட்டும்."

வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, மேபல் கற்பாலத்தை அடைந்தபோது பாலத்தின் மறுபக்கத்தில் ஓர் இழுவை லொறி குறுக்கே நின்றது. லொறிக்காரன் டக்கெட் பெருத்த, பொறுமையான ஆள், மேபலின் முன்னச்சில் சங்கிலியைக் கொளுவிவிட்டு, "ஆட்களை இறக்குங்க" என்றான். ஆள் இருக்கிற வண்டியை இழுக்கச் சட்டமில்லை. யாரும் இறங்கவில்லை. ஃபென்டன் காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பசி வந்தால் இறங்குவார்கள் என்று அவர் நினைத்தார். உள்ளே ரொட்டியும் இறைச்சிப் பலகாரமும் கைமாறுவது அவருக்குத் தெரியாது.

ஆனால் அன்று சபேசனுக்கு ஆஸ்பத்திரி நாள். சனி ஞாயிறு கழிந்து வரும் திங்கள்தான் எப்போதும் மோசமானது. மலர் காலையிலேயே பார்த்திருந்தாள், கணுக்கால் வீங்கிச் சப்பாத்துக் கயிறு கட்ட முடியாமல் இருந்தது. நேரம் போகப் போக அவர் மூச்சுவிடுவது கையளவு ஜன்னல் வழியாக அவளுக்குக் கேட்டது.

"இஞ்சருங்கோ, நான் இறங்கிறன். பஸ்ஸை அவங்களே கொண்டு போகட்டும். உங்களைக் காரிலை ஏத்திக்கொண்டு போக நான் அந்த ஃபென்டனிட்டையே கேக்கிறன்."

"இறங்கினீரெண்டால் நான் உம்மோடை கதைக்க மாட்டன்."

"கதைக்க ஆள் இருக்கவேணும் முதல்!"

அவர் ஜன்னலில் கை வைத்தார். "மலர், முன்னாலைதானே மறிச்சிருக்கிறாங்கள்?" என்றார்.

அவளுக்கு அது விளங்க ஒரு கணம் ஆனது. அதற்குள் அவர் எழுந்து, ராயின் தோளைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நடக்கத் தொடங்கியிருந்தார். மலர் கூண்டைவிட்டு அசைய முடியாது, அசைந்தால் டக்கெட் ஏறிவிடுவான். அதனால் செய்தி வரிசை வரிசையாக வாய்மாறி முன்னால் வந்தது, முன்வரிசையில் இருந்த ஒரு பெண் அதை ஜன்னலில் சொன்னாள். பெரிலைத் தாண்டிவிட்டார். ஆட்டுவரிசையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்துவிட்டார். கடல் தெரிகிறதாம். விழுந்துவிட்டார். "என்ன?" என்று மலர் கத்தினாள், கேள்வி பின்னால் போனது, பதில் திரும்பி வரும்வரை அவள் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தாள். விழவில்லை, ராயின் தொப்பிதான் விழுந்தது. ராய்க்குப் பதிலாக ஓர்லா பிடித்துக்கொண்டாள். பின்கதவைத் திறந்துவிட்டார்கள், வெளியே ஆஸ்பத்திரி வாசலாம். இறங்கிவிட்டார். பிறகு செய்தி வரவில்லை.

மழை கூண்டின் கண்ணாடியில் இறங்கிக்கொண்டேயிருந்தது, டக்கெட் லொறியில் உட்கார்ந்து தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூடினான், ஃபென்டன் காரின் கண்ணாடியைத் துடைத்தார், மேல்தட்டில் பாடகர் குழு யாரும் சொல்லாமலே பாட ஆரம்பித்தது, பாதிரியார் பாடவில்லை, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், மலர் தன் வாழ்க்கையில் காத்திருந்த எல்லாக் காத்திருப்புகளையும், சோதனைச்சாவடிகளில் நின்றதையும், அடையாள அட்டையைக் கொண்டுபோனவன் திரும்பி வரும்வரை நின்றதையும், விசாவுக்கு நின்றதையும் நினைத்துக்கொண்டு, அங்கெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டல்லவா நின்றேன் என்று நினைத்து, தலையணையில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு முன்வரிசைப் பெண் ஜன்னலைத் தட்டினாள். "ஊசி போட்டாச்சாம், லவ். மெஷின் சுத்துதாம்."

மலர் அழவில்லை என்று முன்வரிசைப் பெண் பின்னர் எல்லோரிடமும் சொன்னாள். ஹோர்னை ஒரு தடவை அழுத்தினாள், நீளமாக, மலை திருப்பிச் சொல்லும்வரை.

மத்தியானத்துக்குப் பிறகு ஃபென்டன் லாங்ரிட்ஜை வரவழைத்தார். "உள்ளே போய் எல்லோரையும் இறக்குங்கள். காலி என்று கையெழுத்துப் போடுங்கள்." லாங்ரிட்ஜ் பெருமூச்சுவிட்டு உள்ளே போனார். முன்வரிசைக்காரர்களை இறங்கச் சொன்னார், அவர்கள் அவருக்குத் தேநீர் கொடுத்தார்கள். கடலோர வரிசைகளில் இறங்கச் சொன்னபோது, எந்த நாட்டு அதிகாரத்தில் இதைச் சொல்கிறீர் என்று நாய்க்காரக் கிழவர் கேட்டார். அது நியாயமான கேள்வி என்று லாங்ரிட்ஜுக்குப் பட்டது. அதை யோசிக்க ஓர் இடத்தில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வரிசை வரிசையாக அவருடைய பதில் வந்து சேர்ந்தது: "வண்டி காலியாக இல்லை. நான் இருக்கிறேன்."

ஃபென்டன் டக்கெட்டிடம் போனார். "இழுங்கள். நான் பொறுப்பு."

டக்கெட் மேபலைப் பார்த்தான், ஜன்னல்களில் இருந்த முகங்களைப் பார்த்தான், கீழ்த்தட்டு ஜன்னலோரம் இடுப்பில் கட்டோடு உட்கார்ந்திருந்த பெரிலின் தாயைப் பார்த்தான், அவள் அவனுக்குக் கையசைத்தாள். "பஸ்ஸை இழுக்கத்தான் என்னைக் கூப்பிட்டீங்க" என்றான். "இது ஊர். ஊரை இழுக்கிற லொறி என்னிடம் இல்ல." சேற்றில் முழங்கால் போட்டுச் சங்கிலியைக் கழற்றினான். லொறியைப் பின்னுக்கு எடுத்துத் தெருவை விட்டான்.

ஃபென்டன் மழையில் தனியாக நின்றார். மலர் கூண்டின் கண்ணாடியை இறக்கினாள். அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, ஆனால் அவர் நனைந்துபோய் நின்றதைப் பார்த்தபோது அதில் ஒன்றுதான் வாயில் வந்தது.

"நாளைக்கும் வருவேன். நாளன்றைக்கும் வருவேன். நீங்கள் எத்தனை லொறி கொண்டுவந்தாலும் வருவேன். டவுனுக்குத்தானே போகவேணும் நீங்கள்? ஏறுவதென்றால் ஏறுங்கள், இடமிருக்கிறது. இல்லையென்றால் பாலத்தைவிட்டு விலகுங்கள்."

அவர் ஏறவில்லை. விலகினார்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஆட்கள் வழிவிடும் சத்தம் முன்னோக்கி வந்தது. சபேசன் ஒரு கையில் பஞ்சும் பிளாஸ்டருமாக, மற்றக் கையில் யாரோ கொடுத்த மீன் பொட்டலத்தோடு, உதட்டில் நிறம் திரும்பி, முன்வரிசையில் வந்து உட்கார்ந்து ஜன்னலைத் தட்டினார்.

"எப்பிடி இருக்கு?" என்றாள் மலர். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓட்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"நல்ல ஆஸ்பத்திரி. புதன்கிழமையும் வரச் சொன்னவை." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "இன்னும் என்னத்துக்கு நிக்கிறீர்? அங்கை பின்னாலை நர்ஸ்பிள்ளையள் வீட்டை போக நேரமாச்செண்டு நிக்கினம். எடும்."

மலர் எடுத்தாள்.